பட்டி ஹாலியின் பதிவுகள் ஏன் இன்னும் கேட்கப்படுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டி ஹாலி யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லபக் என்ற ஊரில் 1936 செப்டம்பர் 7 அன்று பிறந்த ராக் அண்ட் ரோல் பாடகர், கிட்டாரிஸ்ட், பாடலாசிரியர். குடும்பப் பெயரில் (Holley) 'e' என்ற எழுத்து கூடுதலாக உண்டு. 1956இல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் அந்த எழுத்தை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தார்கள். அவர் அதையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். 1959 பிப்ரவரி 3 அன்று ஐயோவா மாநிலத்தில் கிளியர் லேக் அருகே சிறு விமானம் விழுந்து இறந்தபோது வயது 22. முதல் வெற்றிப் பாடல் வெளியானது 1957 மே மாதக் கடைசியில். ஆக, புகழோடு இருந்த காலம் இரண்டு வருடம்கூட இல்லை. உயிரோடு இருந்தபோது வந்த எல்பி (பல பாட்டுகள் கொண்ட) இசைத்தட்டுகள் மூன்றே மூன்று.

அவ்வளவு குறைந்த காலத்தில் செய்த பாட்டுகள் இன்றும் பழசாகத் தெரியாததற்கு என்ன காரணம்?

குரல் என்பார்கள், மெட்டு என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அதே காலத்தில் நல்ல குரலோடும் நல்ல மெட்டோடும் வந்த நூற்றுக்கணக்கான பாட்டுகள் இன்று கேட்டால் 1957 என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஹாலியின் பாட்டுகள் அப்படி இல்லை. எங்கள் கணிப்பில் காரணம் பதிவு செய்த விதம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு விசேஷ ஒலியை யோசித்துக் கண்டுபிடித்தார்கள். அது கேட்கும்படி மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்தார்கள்.

நான்கு பாட்டுகளை வரிசையாகப் போட்டுத் தாளத்தை மட்டும் கவனியுங்கள். 'பெகி சூ'வில் டிரம்ஸ் இடைவிடாமல் உருள்கிறது. 'எவ்ரிடே'யில் டிரம்ஸே இல்லை. டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் தன் முழங்கால் முட்டியில் தட்டுகிறார், மேலே செலஸ்டா என்ற சிறுமணி ஒலிக்கும் கீபோர்டு. 'நாட் ஃபேட் அவே'யில் அவர் அடிப்பது ஒரு அட்டைப்பெட்டி. 'வெல் ஆல் ரைட்'டில் அகவுஸ்டிக் கிட்டாரும் சிம்பல் தட்டின் சலசலப்பும்தான். வாசித்தவர்கள் அதே ஆட்கள், இடமும் அதே இடம். இப்படி இருந்தும் ஒரு பாட்டு மாதிரி இன்னொன்று இல்லை.

எங்கே பதிவு செய்தார்கள்?

நியூ மெக்சிகோ மாநிலத்தில் க்ளோவிஸ் என்ற சிறு ஊரில், நார்மன் பெட்டியின் ஸ்டுடியோவில். லபக்கிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். (ஆமாம், பெட்டி ஸ்டுடியோவில்தான் அட்டைப்பெட்டியை வாசித்தார்கள். தமிழில் மட்டும் கிடைக்கும் சிரிப்பு இது.)

இந்த ஸ்டுடியோவின் பெரிய சொத்து மைக்கோ மிக்ஸரோ இல்லை, கட்டண முறை. நகரத்து ஸ்டுடியோக்கள் மணிக்கணக்கில் வாடகை வாங்கிய காலத்தில் பெட்டி பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பகலில் லாரிச் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் இரவில் உட்கார்ந்தார்கள். சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப வாசித்தார்கள். முட்டியைத் தட்டிப் பார்ப்போமே, அட்டைப்பெட்டியை அடித்துப் பார்ப்போமே என்ற யோசனையெல்லாம் வாடகை ஓடாத இடத்தில்தான் வரும்.

எதிரொலிக்கு இயந்திரம் கிடையாது, அறைதான். பக்கத்துக் கட்டிடத்தின் மேல்பரணில் சுவர் பூசிய ஒரு காலி அறை. ஒரு முனையில் ஸ்பீக்கர், மறு முனையில் மைக். பாட்டை ஸ்பீக்கரில் அனுப்பி, அறையில் சுற்றித் திரும்பும் ஒலியை மைக்கில் பிடித்து, தேவையான அளவு கலப்பார்கள்.

அதற்கு முன் நாஷ்வில்லில் பதிவு செய்தாரே, அவை ஏன் எடுபடவில்லை?

1956இல் டெக்காவுக்காக நாஷ்வில்லில் மூன்று தடவை பதிவு நடந்தது: ஜனவரி, ஜூலை, நவம்பர். ஊர்ப் பழக்கம் அங்கே வேறு. குறித்த நேரத்துக்குள் இத்தனை பாட்டு முடிக்க வேண்டும், பெரும்பாலும் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களே வாசிப்பார்கள். ஹாலிக்கு வயது 19, 20. சொல்கிறபடி பாடினார்.

'தட்'ல் பி த டே' பாட்டை இரண்டு வடிவத்திலும் கேளுங்கள். ஜூலை 1956 நாஷ்வில் வடிவத்தில் சுருதி அவர் குரலுக்கு மேலே போய்விட்டது. எட்டிப் பிடித்துப் பாடுவது தெரிகிறது. 1957 பிப்ரவரி க்ளோவிஸ் வடிவத்தில் சுருதி இறங்கியிருக்கிறது, குரல் அலட்சியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, முகப்பு கிட்டார் பளிச்சென்று இறங்குகிறது. மெட்டும் வரிகளும் அதேதான். இரண்டாவது வடிவம்தான் 1957 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

சில இசைத்தட்டில் 'பட்டி ஹாலி', சிலவற்றில் 'த கிரிக்கெட்ஸ்'. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். டெக்கா அவரை விடுவித்தபோதும், அங்கே பதிவான பாட்டுகளை ஐந்து ஆண்டுக்குள் வேறு எங்கும் மறுபதிவு செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் க்ளோவிஸில் எடுத்த 'தட்'ல் பி த டே' பட்டி ஹாலி பெயரில் வர முடியாது. குழுவுக்கு 'த கிரிக்கெட்ஸ்' என்று பெயர் வைத்து பிரன்ஸ்விக் என்ற லேபிளில் (இசைத்தட்டு வெளியிடும் வணிகப் பெயர்) வெளியிட்டார்கள். பிரன்ஸ்விக்கும் டெக்காவின் கிளை லேபிள்தான் என்பது இதில் வேடிக்கை. பிறகு இரண்டு பெயரிலும் தொடர்ந்தார்கள்: பின்னணிக் குரல்கள் சேர்ந்தவை பெரும்பாலும் கிரிக்கெட்ஸ் பெயரில் பிரன்ஸ்விக்கிலும், தனிக்குரல் பாட்டுகள் ஹாலி பெயரில் கோரல் லேபிளிலும் வந்தன.

இங்கே கிரிக்கெட் என்றால் மட்டையும் பந்தும் இல்லை, சில்வண்டு. 'ஐ'ம் கானா லவ் யூ டூ' பாட்டை முடிவு வரை விட்டுவிடுங்கள். ஒலி தேயும் இடத்தில் ஒரு நிஜச் சில்வண்டு கத்துகிறது. எதிரொலி அறைக்குள் புகுந்துகொண்டது. விரட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

'பெகி சூ'வில் அந்த டிரம்ஸ் எப்படி வந்தது?

முதலில் பாட்டின் பெயரே வேறு, 'சிண்டி லூ'. தாளமும் லத்தீன் நடையில் இருந்தது. 1957 ஜூன் கடைசியில் க்ளோவிஸில் பதிவு செய்யும்போது ஆலிசன் பாரடிடில் என்ற பயிற்சிப் பாடத்தையே முழுப் பாட்டுக்கும் வாசித்தார். வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. டிரம்ஸ் கற்கும் பிள்ளை முதல் மாதத்தில் வாசிக்கும் பாடம். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலில் உரசும் கம்பிகளைத் தளர்த்திவிட்டதால் சரசரப்புப் போய் வெறும் தோல் ஒலி நிற்கிறது.

அந்த உருட்டலின் சத்தம் மற்ற மைக்குகளையெல்லாம் மூழ்கடித்தது. அதனால் டிரம்ஸை வெளியே வரவேற்பறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி அதன் எதிரொலியை ஒரே அளவில் வைக்காமல் கையால் ஏற்றியும் இறக்கியும் கொண்டிருந்தார். ஹெட்ஃபோனில் கேட்டால் டிரம்ஸ் கிட்டே வருவதும் தூரப் போவதும் தெரியும். வாசிப்பவர் அப்படி வாசிக்கவில்லை. மிக்ஸரில் இருந்த கை செய்தது அது.

கிட்டாருக்கு வருவோம். ஹாலி எல்லா அடியையும் கீழ்நோக்கியே, நிறுத்தாமல், வேகமாக அடிக்கிறார். நடுவில் சோலோ வரும் இடத்தில் ஒலி பளிச்சென்று மாற வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) மாற்றும் சுவிட்ச் இருக்கிறது, ஆனால் அவர் கையை எடுத்தால் அடி விட்டுப்போகும். இந்தப் பாட்டில் வாசிக்க வேலையில்லாமல் இருந்த இரண்டாம் கிட்டாரிஸ்ட் நிக்கி சல்லிவன் ஹாலியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சரியான நொடியில் சுவிட்சைத் தட்டிவிட்டார். சோலோவில் கிட்டாரின் ஒலி திடீரென்று கூர்மையாவது அதனால்தான். அந்தச் சோலோவில் தனி ஸ்வரமாக வாசிப்பது கிடையாது, அதே கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) அதே வேகத்தில் அடிப்பதுதான்.

வீட்டில் வாசிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

'பெகி சூ' நல்ல தொடக்கம். ஏ, டி, இ என்ற மூன்று மேஜர் கார்டுகள் போதும். நடுவில், அந்தப் பெயருக்கு முன்னால் ஒரே அடைமொழி அடுக்கி வரும் இடத்தில் மட்டும் எஃப் மேஜர். சுருதிக்குச் சம்பந்தமில்லாத கார்டு அது. பாட்டே ஒரு நொடி வேறு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். அதை விட்டுவிட்டு வாசித்தால் பாட்டு சப்பென்று போகும்.

கஷ்டம் இடது கையில் இல்லை, வலது கையில். இரண்டரை நிமிடம் கீழடியாகவே அடித்தால் பழக்கம் இல்லாதவருக்கு ஒரு நிமிடத்திலேயே முன்கை கல் மாதிரி ஆகிவிடும். காரணம், அடி முழங்கையிலிருந்து வருகிறது. மணிக்கட்டிலிருந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீச்சில் அடியுங்கள். பிக்கை (கம்பியை அடிக்கும் சிறு தகடு) விரல் நுனியில் தளர்வாகப் பிடியுங்கள். பாதி வேகத்தில் மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) வைத்துத் தொடங்கி, கை இறுகாமல் முழுப் பாட்டும் வந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். மேலும்-கீழுமாக அடித்துச் சமாளிக்கலாமே என்றால், வேகம் வரும், அந்த உறுமல் வராது.

இன்னொரு விஷயம்: பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது உங்கள் கிட்டார் கொஞ்சம் சுருதி விலகித் தெரிந்தால் டியூனரைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய நாடாப் பதிவுகளில் ஓட்ட வேகம் இம்மி மாறினாலும் சுருதி நகரும். கம்பியைப் பாட்டுக்கு இசைத்துக்கொள்ளுங்கள், அல்லது மென்பொருளில் பாட்டின் சுருதியைச் சரிசெய்யுங்கள்.

அந்த விக்கல் மாதிரிப் பாடும் முறை என்ன?

ஒரே அசையை உடைத்துப் பாடுவது. தொண்டையை நொடிப்பொழுது மூடித் திறந்து, நெஞ்சுக்குரலிலிருந்து பொய்க்குரலுக்குத் தாவி, உடனே கீழே திரும்புகிறார். 'ரேவ் ஆன்' பாட்டின் தொடக்கத்தில் 'வெல்' என்ற ஒற்றை அசையை ஆறு துண்டாக்கிவிட்டுத்தான் பாட்டுக்குள்ளேயே போகிறார். நம் காதுக்குப் பிருகா தெரியும் என்பதால் இது வேற்றாகத் தோன்றாது. ஆனால் பிருகா வழுக்கிக்கொண்டு போகும், இது வெட்டி வெட்டிப் போகும்.

அவரைப் போலப் பாட முயல்கிறவர்கள் தவறுவது அளவில். ஒவ்வொரு வரியிலும் விக்கினால் கேலியாகிவிடும். ஹாலி எங்கே விக்கவில்லை என்று குறித்துப் பாருங்கள். 'பெகி சூ'வில் அந்தப் பெயரையே ஒருமுறை நேராக, ஒருமுறை மூக்கால், ஒருமுறை குழந்தைக் குரலில், ஒருமுறை உடைத்து என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார். வரிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, சொல்லும் விதம் திரும்ப வரவில்லை.

'வேர்ட்ஸ் ஆஃப் லவ்'வில் இரண்டு பேர் பாடுகிறார்களா?

ஒருவரேதான். 1957 ஏப்ரலில் க்ளோவிஸில் பதிவானது. இன்று போல டிராக் டிராக்காகப் பிரித்து வைக்கும் வசதி இல்லை. மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் பதியும்) நாடா இயந்திரங்கள் இரண்டு. செய்முறை இது: முதல் இயந்திரத்தில் ஒரு குரலும் வாத்தியங்களும் பதிவாகின்றன. அதை ஓடவிட்டுக் காதில் கேட்டபடியே ஹாலி இரண்டாவது குரலைப் பாடுகிறார். பழைய பதிவும் புதிய குரலும் கலந்து இரண்டாவது இயந்திரத்தில் இறங்குகின்றன. இன்னும் ஒன்று சேர்க்க வேண்டுமானால் திரும்ப முதல் இயந்திரத்துக்கு.

இதில் மூன்று ஆபத்து. கலந்தது கலந்ததுதான், பிறகு ஒன்றை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. நாடா இரைச்சல் ஒவ்வொரு படியெடுப்பிலும் சேரும். ஒரே அளவு இரைச்சலுள்ள இரண்டு படிகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். கடைசியாக, முதலில் பதிந்தவற்றின் மேல்ஸ்தாயிப் பளபளப்பு ஒவ்வொரு படியிலும் மழுங்கும். ஆகையால் எது மங்கினாலும் பரவாயில்லையோ அதை முதலிலும், எது தெளிவாக நிற்க வேண்டுமோ அதைக் கடைசியிலும் பதிய வேண்டும்.

இன்று கணினியில் இதைச் செய்தால் இரைச்சல் பிரச்சினை இல்லை, தாமதப் பிரச்சினை உண்டு. மென்பொருளில் தாமதத்தை ஈடுசெய்யும் அமைப்பை (latency compensation) வைக்காமல் பாடினால் இரண்டாம் குரல் நிரந்தரமாகப் பின்தங்கி விழும். 20, 30 மில்லிசெகண்ட் வித்தியாசம் குரலுக்குத் தடிமன் தரும். 50ஐத் தாண்டினால் இரண்டு குரலாகக் கேட்காது, எதிரொலியாகக் கேட்கும். அப்புறம், முதல் குரலை நகலெடுத்து ஒட்டுவதில் பயன் இல்லை. திரும்பப் பாடியே ஆக வேண்டும். இரண்டு தடவைக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடுதான் அந்த மினுக்கு.

'எவ்ரிடே'யின் முட்டித் தாளத்தை வீட்டில் எப்படிப் பதிவது?

பருத்தி அல்லது ஜீன்ஸ் துணி போட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் என்றால் தட்டலைவிட உராய்வுச் சத்தம் அதிகம் கேட்கும். கையில் வளையல், கடிகாரம் வேண்டாம். மைக்கை முட்டியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். 10 சென்டிமீட்டருக்குள் போனால் ஒருதிசை மைக்குகள் கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கி 'தொம் தொம்' ஆக்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் கனமாகவும், விரல்களைத் தட்டையாக வைத்தால் 'பட்' என்றும் வரும், இரண்டையும் கலக்கலாம்.

மூலப் பதிவில் செலஸ்டா வாசித்தவர் பெட்டியின் மனைவி வை பெட்டி. கீபோர்டில் செலஸ்டா ஒலி இருக்கும்; அதில் எதிரொலியைக் குறைத்துவையுங்கள். பலரும் சொதப்புவது இங்கேதான். இனிமை கூட வேண்டுமென்று எதிரொலியை ஏற்றினால் முட்டித் தாளம் அதில் கரைந்துபோகும்.

கடைசிக் காலத்தில் வயலின் கூட்டத்தோடு பாடியது சமரசம் இல்லையா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு உடன்பாடில்லை. 1958 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கின் பிதியன் டெம்பிள் அரங்கில், டிக் ஜேக்கப்ஸ் நடத்திய 18 பேர் இசைக்குழுவோடு நான்கு பாட்டுகள் பதிவாயின. அவற்றில் 'ட்ரூ லவ் வேஸ்' அவருடையது. 'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' பாடகர் பால் ஆங்கா எழுதியது. அந்தப் பாட்டு கைக்கு வந்ததே கடைசி நேரத்தில். விரிவாக இசை எழுத அவகாசம் இல்லை. அதனால் வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் மீட்டும்படி எளிமையாக எழுதினார்கள். முட்டித் தாளம்போலவே இங்கும் சொற்பத்தில்தான் வேலை நடந்திருக்கிறது: கனத்த வயலின் விரிப்பு இல்லை, சொட்டுச் சொட்டாக விழும் ஸ்வரங்கள், நடுவில் குரல். ஹாலி இறந்த பிறகு 1959இல் அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது.

இந்த நான்கும் உண்மையான ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்) என்பதையும் நினைவில் வையுங்கள். 1957, 58 க்ளோவிஸ் பதிவுகள் மோனோ.

ஒரே பாட்டு வெவ்வேறு ஆல்பத்தில் வேறு வேறு பின்னணியோடு இருக்கிறதே, எது அசல்?

அதிகம் குழப்பும் விஷயம் இது. 1958 டிசம்பரிலும் 1959 ஜனவரியிலும் நியூயார்க் கிரீனிச் வில்லேஜ் குடியிருப்பில் ஹாலி தன்னுடைய ஆம்பெக்ஸ் நாடாப் பதிவு இயந்திரத்தில் கிட்டாரும் குரலுமாகப் புதுப்பாட்டுகளைப் பதிந்து வைத்தார். 'கிரையிங், வெய்ட்டிங், ஹோப்பிங்', 'லேர்னிங் த கேம்', 'பெகி சூ காட் மேரீட்', 'வாட் டு டூ' ஆகியவை இதில் அடக்கம்.

அவர் போன பிறகு கம்பெனி இந்த நாடாக்களை எடுத்து மேலே இசை சேர்த்தது. முதல் சுற்று நியூயார்க்கில், ஜாக் ஹான்சன் மேற்பார்வையில், 1959-60இல். கோரஸ் குரல்கள், ஸ்டுடியோ வாத்தியங்கள். இரண்டாவது சுற்று 1960களில் க்ளோவிஸில். பெட்டி அதே நாடாக்களின் மேல் ஃபயர்பால்ஸ் என்ற குழுவை வாசிக்கவைத்தார். ஆக, ஒரே குரலுக்கு மூன்று உடை: ஹான்சன் வடிவம், ஃபயர்பால்ஸ் வடிவம், எதுவும் ஒட்டாத வெறும் நாடா.

அடையாளம் காண எளிய வழி: பதில் சொல்லும் கோரஸ் கேட்டால் ஹான்சன். எலக்ட்ரிக் கிட்டார் குழு முழு டிரம்ஸோடு வந்தால் ஃபயர்பால்ஸ். ஒற்றைக் கிட்டாரும் அறையின் அமைதியும் மட்டும் என்றால் அசல். ஹான்சன் வடிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம். 1962 புத்தாண்டு அன்று பிரிட்டனின் டெக்கா கம்பெனி நடத்திய தேர்வில் பீட்டில்ஸ் 'கிரையிங், வெய்ட்டிங், ஹோப்பிங்' பாடியபோது உலகத்துக்குத் தெரிந்த வடிவம் அதுதான். ஆனால் 'லேர்னிங் த கேம்' பாட்டை வெறும் நாடாவில் கேட்டவர்கள் பின்னணி சேர்த்ததைத் திரும்பப் போடுவது அபூர்வம்.

எதை வாங்கலாம்?

ஒரே தொகுப்பு போதும் என்றால் 1985இல் எம்சிஏ கம்பெனி வெளியிட்ட 20 பாட்டு சிடி, 'ஃப்ரம் தி ஒரிஜினல் மாஸ்டர் டேப்ஸ்'. முதல் தலைமுறை நாடாக்களிலிருந்து எடுத்தது, ஒலியில் கைவைக்காதது. பழைய சிடியாகத்தான் கிடைக்கும். விரிவாக வேண்டுமானால் 2009இல் வந்த 'மெமோரியல் கலெக்ஷன்' மூன்று சிடி. வீட்டு நாடாக்கள் ஒட்டுவேலை இல்லாமல் வேண்டுமானால் அதே ஆண்டு வந்த 'டவுன் த லைன்' இரண்டு சிடி.

ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது பெயர் தெரியாத லேபிள்களின் 'நூறு சிறந்த பாட்டுகள்' வகைத் தொகுப்புகளைத் தவிருங்கள். ஐரோப்பாவில் 1963க்கு முந்தைய பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். நிறையப் பேர் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்து, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் அழுத்தித் தேய்த்துவிடுகிறார்கள். இரைச்சலோடு சிம்பலும் மூச்சும் போய், குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

என்னிடம் உள்ளது போலி ஸ்டீரியோவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1960களில் மோனோ பதிவுகளை மின்னணு முறையில் ஸ்டீரியோ மாதிரி ஆக்கி விற்றார்கள்: ஒரு பக்கம் கீழ்ஸ்தாயி, மறு பக்கம் மேல்ஸ்தாயி, நடுவில் கொஞ்சம் தாமதம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சோதிக்கலாம். பாட்டைத் திறந்து, ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து 'இன்வர்ட்' எஃபெக்ட் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். உண்மையான மோனோ என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து நிசப்தமாகும். எம்பி3 என்றால் லேசான கரகரப்பு மிஞ்சும், இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்றால் கீறல் சத்தம் மட்டும் மிஞ்சும். பாட்டே கேட்டால் அது மோனோ இல்லை. பிதியன் டெம்பிள் பாட்டுகளில் அப்படிக் கேட்பது சரி. 'பெகி சூ'வில் கேட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பழைய 45, 78 (நிமிடத்துக்கு அத்தனை சுற்று ஓடும்) இசைத்தட்டு கையில் இருக்கிறது. எந்த ஊசியில் போடுவது?

1950களின் மோனோ 45க்கும் எல்பிக்கும் 25 மைக்ரான் உருண்டை முனை பொருந்தும். இன்றைய ஸ்டீரியோ ஊசி 18 மைக்ரான் அளவில் இருக்கும். ஓடும், ஆனால் பள்ளத்தின் அடியில் இறங்கித் தேய்மானத்தையும் தூசியையும் அதிகம் பொறுக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் போடுங்கள். பாதி இரைச்சல் அங்கேயே அடங்கும். 78க்கு 75 மைக்ரான் ஊசி வேண்டும், வேறு எதுவும் கூடாது. பழைய கிராமஃபோனின் எஃகு ஊசியில் 45ஐ வைத்துவிடாதீர்கள். ஒரே ஓட்டத்தில் பள்ளம் உழப்பட்டுவிடும்.

சில பாட்டுகளில் எழுதியவர் 'சார்லஸ் ஹார்டின்' என்று இருக்கிறதே?

ஹாலியேதான். இயற்பெயரின் முதல் இரண்டு பகுதிகள். 'எவ்ரிடே', 'நாட் ஃபேட் அவே' ஆகியவற்றில் பார்க்கலாம். கூடவே நார்மன் பெட்டியின் பெயரும் பல பாட்டுகளில் இருக்கும். அதில் எவ்வளவு எழுத்து, எவ்வளவு வியாபாரம் என்பது ஓயாத வழக்கு.

என் வீடியோவில் இந்தப் பாட்டுகளைப் போடலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1957இல் வெளியான பதிவுகளுக்கு 2017 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. அது ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, கூட்டாக எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. பெட்டி இறந்தது 1984இல், ஆலிசன் 2022இல். ஆகப் பெரும்பாலான பாட்டுகள் இன்னும் உரிமைக்குள்தான். அமெரிக்காவில் 1957-59 பதிவுகளுக்கே 2067 வரை பாதுகாப்பு உண்டு. யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும் என்று எண்ணியே ஏற்றுங்கள்.

இளம் வயதில் இறந்ததால் வந்த புகழ்தானே இது?

இறப்பு ஒரு பங்கு சேர்த்தது உண்மை. ஆனால் லிவர்பூலில் குவாரிமென் என்ற பெயரில் இருந்த பையன்கள், பிற்காலத்து பீட்டில்ஸ், தங்கள் முதல் சொந்தச் செலவுத் தட்டில் 'தட்'ல் பி த டே' பாடிப் பதிந்தது 1958இல். ஹாலி அப்போது உயிரோடு இருந்தார். 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'நாட் ஃபேட் அவே'யை எடுத்தார்கள், பீட்டில்ஸ் 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்'வை எடுத்தார்கள். 1970களில் பாடகி லிண்டா ரான்ஸ்டட் ஹாலியின் இரண்டு பாட்டுகளைப் பெரிய வெற்றியாக்கினார். பாடுகிற ஆள், தானே எழுதி, தன் குழுவோடு வாசித்து, ஸ்டுடியோவிலும் கூடவே உட்கார்ந்து ஒலியைத் தீர்மானிப்பது அன்று வழக்கமில்லை. இந்தப் பையன்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான்.

நேரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

லபக்கில் பட்டி ஹாலி சென்டர் என்ற அருங்காட்சியகம். விபத்தில் கிடைத்த கறுப்புக் கண்ணாடி அங்கேதான் இருக்கிறது. அதே ஊர்க் கல்லறையில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துப் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். க்ளோவிஸ் ஸ்டுடியோ 1950கள் இருந்தபடியே பாதுகாக்கப்பட்டுள்ளது. முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும், சும்மா போனால் கதவு பூட்டியிருக்கும்.